ஏழாவது வங்கில் ஒரு வீக்கம்

என்ரை செல்லத் தம்பி அமலனுக்கு,

நீ போய் இரண்டு மாரி கழிந்துவிட்டது. கடலுக்குப் போகத் தடை. எங்கள் வள்ளம் குருநகர்க் கரையில் கிடுகுக் கூரைக்குக் கீழே கிடக்கிறது. மீன் விலையைச் சொன்னால் நீ நம்பமாட்டாய். அது கிடக்கட்டும். உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.

தங்கச்சியின் கலியாணத்துக்கு லண்டனிலிருந்து வந்தவன், கொப்பியும் அளவு நூலுமாக வள்ளத்துக்குள் ஏறினாய். அன்று விளைமீன் குழம்பு. புளி கொஞ்சம் கூடிவிட்டது என்று மனுசிக்குக் கவலை. நீயோ சாப்பிடவே வரவில்லை.

"உந்த வள்ளத்தை அளந்து என்ன செய்யப்போறாய்?"

"கொம்பியூட்டருக்குள்ளை வள்ளம் கட்டப்போறன், அண்ணை. புள்ளியளைக் குடுத்தால் காணும். ஆணியளுக்கு இடையிலை மெல்லிய மரச் சிலாகையை விட்டால் தானா வளையுமெல்லோ? அப்பிடித்தான் கணக்கும் புள்ளியளைத் தொட்டு வளைஞ்சு, பலகை மாதிரி மூடும்."

"ஒரு ஆணி விலகினால்?"

"அந்த இடம் புடைச்சு நிக்கும்."

அதைக் கேட்ட பிறகும் செய்தேன். வள்ளத்தின் முழு அளவையும் வெளியே சொன்னால் நாவூறு படும் என்று, அப்பு எப்போதும் ஒன்றை மாற்றியே சொல்லுவார். எத்தனை வெள்ளைக்காரர் அந்தப் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பார்களோ! நூலைப் பிடித்து அளவு சொன்னது நான். விலா எலும்பு போல நிற்கும் வங்குகளில் ஏழாவதற்கு இரண்டு அங்குலம் கூட்டிச் சொன்னேன். நீ நம்பி எழுதினாய்.

நீ லண்டன் திரும்பிய மூன்றாம் மாதம் உன் கடிதம் வந்தது. "அண்ணை, மற்ற இடமெல்லாம் வழுக்கிக்கொண்டு போகுது. ஏழாவதிலை மட்டும் கன்னக் கொடுப்பு வீங்கின மாதிரி நிக்குது. வள்ளத்துக்குப் பல்லுக்கொதியோ?"

சிரித்தேன். பதில் எழுதவில்லை. படித்தவன் பகிடி பண்ணுவான் என்ற வெட்கம். அடுத்த கடிதத்தில் சொல்லலாம் என்றிருந்தேன்.

பிறகு பனி வழுக்கிய தெருவில் கார் அடித்து நீ எங்களை விட்டுப் போனாய். உன்னோடு அறையில் இருந்த செல்வன் கொப்பியை அனுப்பிவைத்தான். வலை போர்த்தியது போல வள்ளத்தின் படம்; ஏழாவதில் வீக்கம். அடியில் உன் கையெழுத்து: "என்ரை முறை பிழை. முதலிலை இருந்து தொடங்கவேணும்."

இல்லாத பிழையை எத்தனை நாள் தேடினாய், தம்பி?

இப்போது அந்த இடத்தைத் தடவினால் உள்ளங்கையில் புடைப்புத் தட்டுகிறது. சிலாகை வைத்துப் பார்த்தேன், பலகையில் ஒன்றுமில்லை. கையை எடுத்துத் திரும்ப வைத்தால் மறுபடியும் இருக்கிறது. மனுசியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"வீக்கம் வள்ளத்திலை இல்லையப்பா, உங்கடை மண்டைக்குள்ளை," என்றாள்.

சரியான அளவைப் போட்டுத் திரும்பப் படம் எடுக்கச் சொல்லிச் செல்வனுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். முழு அளவும் வெளியே போய்விட்டது. நாவூறு பட்டால் படட்டும். புதுப் படம் வந்ததும் உன் கொப்பியில் ஒட்டுவேன். உன் கடைசி வரியை வெட்டிவிட்டு, "தம்பியின்ரை கணக்குச் சரி. அண்ணை சொன்னது பொய்" என்று என் கையாலேயே எழுதுவேன். இது சத்தியம்.

நீ நம்பிய,
உன்ரை அண்ணை