கெல்த்வெயிட் பாலத்தைச் செவிலியர் கடக்க அனுமதி வேண்டி

அனுப்புநர்:
திருமதி ரோவெனா மெட்காஃப்,
பாலத்தடி வீடு, கெல்த்வெயிட்.

பெறுநர்:
மாவட்டச் செவிலியர் பணி அலுவலர் அவர்கள்.

பொருள்: செவிலியர் திருமதி டாட்ஸ்வொர்த்துக்குத் தரப்பட்ட எச்சரிக்கையை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எல்லை மாற்றத்துக்கு ஆட்சேபம் சொல்லும் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. அறிவிப்பு ஒட்டப்பட்டபோது நான் மசக்கையில் படுத்திருந்தேன். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும்.

1. கெல்த்வெயிட்டில் ஐந்தே வீடுகள். ஒரு காலத்தில் இது தன் வரியைத் தானே வசூலித்து, தன் ஏழைகளைத் தானே காத்த தனி ஊர். பிறகு ஓடைக்குக் கிழக்கேயுள்ள ஊராட்சியோடு சேர்த்தார்கள். சென்ற ஏப்ரலில், எங்கள் பாலத்துக்குக் கீழே ஓடும் அந்த ஓடையையே எல்லையாக்கி, தங்கள் மாவட்டத்திலிருந்து எங்களைப் பிரித்து மேற்கு மாவட்டத்தில் வைத்தார்கள். வரைபடத்தில் பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் மேற்கே போக மலைக்கணவாய் ஒன்றே வழி. பனி விழுந்தால் அதுவும் இல்லை.

2. என் மகள் மெரியல் குறைமாதத்தில் பிறந்தவள். வாராவாரம் எடை பார்க்க வேண்டுமென்பது மருத்துவர் உத்தரவு. மேற்கு மாவட்டச் செவிலியர் ஒருமுறை வந்தார். திரும்பும்போது கார் கணவாயில் சிக்கி, என் கணவர் டிராக்டரில் இழுத்துவிட்டார். பிறகு வரவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

3. எல்லை தாண்டக் கூடாதென்ற தங்கள் உத்தரவை, தங்கள் மாவட்டச் செவிலியர் திருமதி டாட்ஸ்வொர்த் மதித்தே நடந்தார். வியாழன்தோறும் பாலத்துக்கு அப்பால் காரை நிறுத்தி ஹாரன் அடிப்பார். நான் குழந்தையைப் போர்த்தி எடுத்துக்கொண்டு ஓடுவேன். "வா கண்ணு, உன் மக இப்ப வெளியூர்க்காரியாச்சே, பாஸ்போர்ட் கொண்டாந்தியா?" என்பார். தராசின் தகரத் தட்டு குழந்தைக்குச் சில்லிடாதிருக்க, அதுவரை தம் மடியில் வைத்துச் சூடாக்கியிருப்பார்.

4. அந்தக் காலத்தில், பிறக்கும் பிள்ளையின் செலவு ஊர் தலையில் விழுமென்று, கர்ப்பிணி ஏழைகளை வண்டியிலேற்றி இதே பாலத்துக்கு அப்பால் விட்டுவிடுவார்களாம். பக்கத்துப் பண்ணை திரு. ஐஸ்கோ, "அப்ப வயித்தோட தள்ளிவிட்டாங்க. நீ பெத்துக்கிட்டு நீயாவே ஓடுறியேம்மா" என்று கேலி செய்தார். நானும் சிரித்தேன்.

5. சென்ற வியாழன் ஆலங்கட்டிக் காற்று. அக்கரை சேர்வதற்குள் மெரியலின் உதடு நீலம் பாரித்துவிட்டது. திருமதி டாட்ஸ்வொர்த் அவளைத் தம் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, பாலம் தாண்டி எங்கள் அடுப்படிக்கே வந்துவிட்டார். நிறம் திரும்பிய பிறகுதான் போனார். அதற்குத்தான் எச்சரிக்கை. அவர் என்னிடம் சொல்லவில்லை, கடையில் கேள்விப்பட்டேன்.

எல்லையை மாற்றும்படி நான் கேட்கவில்லை. பாலத்திலிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம். குளிர் போகும்வரை அவ்வளவு தூரம் மட்டும் அவர் வந்துபோக அனுமதியுங்கள். மீறல் என்று யார் பெயரையாவது எழுதியே தீர வேண்டுமென்றால், என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. கதவைத் திறந்துவிட்டவள் நான்தான்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ரோவெனா மெட்காஃப்

இடம்: கெல்த்வெயிட்
நாள்: 2 டிசம்பர் 1974