வாப்பா கொண்டுவந்த எதனோல்

பெப். 17, திங்கள்
காலையிலிருந்து தூறல். மிளகு காயவில்லை. மிளகு ஸ்டோரின் ஒரு மூலைதான் என் ஆய்வுகூடம். வெள்ளிக்குள் மாதிரி சரிவராவிட்டால் அந்த மூலையும் மூட்டைகளுக்கே. வாப்பா கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம்.
கறுவா எண்ணெயில் ஐதரசன் ஏற்றி, காரம் குறைந்த வாசனையாக்கி, வெள்ளிக்கிழமை வரும் கொழும்புக் கம்பனிக்காரரிடம் மாதிரி கொடுக்க வேண்டும். ஊக்கி ஒரு கறுப்புத் தூள். கரையாது, பிறகு வடித்துவிடலாம். எதில் கலப்பது என்பதில்தான் சண்டை. நான் படித்ததெல்லாம் எதனோல். வாப்பா: "சாராயம் என்ட ஸ்டோருக்குள்ள வராது மகள்."
சாராயமில்லாத வேறொரு கரைப்பான், எதைல் அசற்றேற்று, அதில் போட்டேன். ஆமை வேகம். பின்னேரமும் பாதி எண்ணெய் அப்படியே.
வாங்க வேண்டியவை: வடிதாள், உம்மாவின் பிரஷர் மாத்திரை.

18, செவ்வாய்
வெயில். வாப்பாவோடு பேச்சில்லை. குடிக்கவா கேட்டேன்? உம்மா: "ரெண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம்."

19, புதன்
காலையிலேயே வாப்பாவைக் காணோம். மாலையில் வந்து, பேப்பர் சுற்றிய போத்தலை மேசையில் வைத்தார். எதனோல்! கண்டிக்குப் போயிருக்கிறார்.
"மௌலவிக்கிட்ட கேட்டேன். குடிக்க இல்லாட்டி பாவிக்கலாமாம். பஸ்ல பக்கத்துல நம்ம பள்ளிவாசல் செக்ரட்டரி. மடியில என்னண்டு கேட்டாரு."
"என்ன சொன்னீங்க?"
"மகள்ட வேலைண்டேன்."
அழுகை வந்துவிட்டது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

20, வியாழன்
எதனோலில் ஐதரசன் விறுவிறுவென்று ஏறியது. லுஹர் தொழுகைக்கு முன் முடிந்தது. முகர்ந்தேன். வாசனை மங்கல். பொருளுக்கொரு புள்ளியாகப் பிரித்துக் காட்டும் சோதனைத் தட்டில் வேண்டாத புள்ளி ஒன்று. எதனோல் கரைப்பானாகச் சும்மா இருக்கவில்லை, எண்ணெயோடு தானும் சேர்ந்து வேறொரு பொருளாகிவிட்டது. சே!
திங்கட்கிழமைத் தட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மிச்ச எண்ணெய், வேண்டிய பொருள், வேறெதுவும் இல்லை. மெதுவானாலும் சுத்தம். மறுபடி அசற்றேற்று, ஊக்கி கொஞ்சம் கூட, கொஞ்சம் சூடு. மாலை மஃரிப் தொழுகை நேரத்துக்கு, வேண்டிய பொருளின் ஒரே புள்ளி.
வாப்பாவிடம் எப்படிச் சொல்வது?

21, வெள்ளி
மழை. கம்பனிக்காரர் முகர்ந்து பார்த்தார். "ஒரு லீட்டர் செஞ்சு குடுங்க."
ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த வாப்பாவிடம் எல்லாம் சொன்னேன். தான் சொன்னதே சரிவந்தது என்று சந்தோஷப்படுவார் என நினைத்தேன். முகம் விழுந்துவிட்டது.
"அப்ப அந்தப் போத்தல் வீணா?"
"இல்ல வாப்பா. கண்ணாடிச் சாமான் கழுவ அதுதான் நல்லம்."
என் மூலையை ஒட்டியிருந்த மிளகு மூட்டை ஒன்றை இழுத்து ஒதுக்கினார். அந்த இடத்தில் போத்தலை வைத்தார். தாள் ஒன்று ஒட்டி, பெரிய எழுத்தில் எழுதினார்: மகள்ட வேலை.