சிவப்புக்குச் சிவப்பு

அன்பு மகள் சுண்டெலிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடியும், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் முக்கால் மணி நேரம் பேசுகிறவள் என்னிடம் ‘சாப்பிட்டீங்களாப்பா, சரிப்பா’ என்று சொல்லி வைத்துவிடுகிறாய். ஒன்பது வருஷமாக இதேதான். எதுவானாலும் போனிலேயே சொல்லலாமே, கடிதம் எதற்கு என்று உன் அம்மா கேட்டாள். போனில் நீ ‘ம்’ என்பாய், அந்த ‘ம்’முக்கு அப்புறம் எனக்கு வாய் வராது. காகிதம் ‘ம்’ சொல்லாது. அதனால் எழுதுகிறேன், பாதியில் மடித்து வைக்காமல் முழுதும் படி.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் மருந்தை மட்டும் நான் எடுத்துக் கொடுத்தால்தான் சாப்பிடுகிறாள். கீழ்வீட்டுத் தையற்காரம்மா புது மெஷின் வாங்கியிருக்கிறாள், அதற்குத் தனி பிளக் பாயிண்ட் நான்தான் போட்டுக் கொடுத்தேன். எழுபத்தொரு வயதில் ஏணி ஏறக் கூடாது என்று உன் மாமா சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்லி நான் எதை விட்டேன்? யாரிடமும் கைகட்டி நின்று கற்றுக்கொள்ளாமல், பழைய புத்தகமும் டெஸ்டரும் வைத்துக்கொண்டு நானாகப் படித்த தொழில் இது, நான் ஒயரிங் செய்த எந்த வீட்டிலும் ஒரு ஒயர் மாறியது என்று எவனும் விரல் நீட்டியதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

இரண்டு மாதத்தில் லீவில் வருவதாகவும், போன தடவை போலவே மாமா வீட்டில் தங்கப் போவதாகவும் அம்மாவிடம் சொன்னாயாம். பெற்றவர்கள் கல்லுக் குண்டாட்டம் இருக்கும்போது மகள் மாமா வீட்டில் பெட்டியை இறக்குவது எந்த ஊர் நியாயம்? எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவளுக்கு வேண்டாத அறை எனக்கு ஒயர்ச் சுருள் அடுக்க ஆகும் என்று சொல்லிப் பெயிண்டரை வரச் சொன்னேன். ‘நீங்க ஒயரை அடுக்குங்க, நான் என் பொண்ணு வர்ற வீட்டுக்குப் போறேன்’ என்று சொல்லி உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இந்த வீட்டில் பேசாமல் இருப்பதை எல்லோரும் நன்றாகக் கற்று வைத்திருக்கிறீர்கள்.

வந்த பெயிண்டர் வாய் ஓயாதவன். சுவரில் பாதி, தரையில் பாதி என்று அடித்துக்கொண்டிருந்தான். உன் அலமாரியை நகர்த்துவதற்காக இரண்டு ஸ்பீக்கர் பெட்டியின் ஒயரையும் பிடுங்கிப் போட்டவன், மதியம் சாப்பிட்டு வந்ததும் தானே மாட்டிவிட்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை பார்க்கலாம் என்று உன் சிடி பிளேயரின் பட்டனை அழுத்தியிருக்கிறான். நான் மாடிப்படியில் பல்பு மாற்றிக்கொண்டிருந்தேன். சட்டென்று ஒரு ஆள் பாடினான். வானத்தைத் தொடுகிற மாதிரி உயரமான குரல், ஆனால் கத்தவில்லை, பாடினான். பின்னால் இருபது முப்பது பேர் ஒரே தொண்டையாகச் சேர்ந்து பாட, அடியில் டிரம் குதிரை ஓடுகிற மாதிரி ஓட, அதற்கு மேலே கிடாரும் கீபோர்டும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஏறி இறங்கின. கையில் பல்போடு அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே போய், யாரய்யா இது, எந்த ரேடியோ என்று கேட்டேன். ‘ரேடியோவா? உங்க வீட்டுப் பெட்டிக்குள்ள கெடந்த தட்டுதான் சார், என்னைக் கேட்டா எனக்கென்ன தெரியும்’ என்றான்.

உன் தட்டு. பனியில் மாட்டிக்கொண்ட கப்பல் படம் போட்ட உறை. நீ கடைசியாகப் போட்ட அன்றிலிருந்து தட்டு பிளேயருக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே தட்டைத்தான் இரைச்சல், தகரக் கொட்டகையில் கல் எறிகிற சத்தம் என்று சொன்னேன். ‘இது பவர் மெட்டல்ங்கிற ராக் பாட்டுப்பா, கேட்டுப் பாருங்க, நல்ல மெலடி இருக்குப்பா’ என்று நீ கெஞ்சினாய். பவரும் தெரியும், மெட்டலும் தெரியும், இது பாட்டு இல்லை என்று சொல்லிவிட்டேன். அன்று பாட்டை நிறுத்த மாட்டேன் என்று நீ கதவைச் சாத்தினாய், நான் மெயின் போர்டுக்குப் போய் உன் அறையின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாளே நீ மாமா வீட்டுக்குப் போய், அங்கிருந்தே வெளிநாட்டுக்கும் போனாய். போகும்போது மாமாவிடம் ‘அப்பாவுக்குக் காது கிடையாது’ என்று சொன்னாய் அல்லவா, அது எனக்கு அன்றைக்கே வந்து சேர்ந்துவிட்டது. ஒன்பது வருஷமாக அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதே தட்டு, அதே பெட்டி, அதே காது. பிறகு என்ன மாறியது? பெயிண்டரிடம் ஒயரை எப்படி மாட்டினாய் என்று கேட்டேன். பயந்துவிட்டான். ‘சிவப்புக் கோடு போட்ட ஒயரைச் சிவப்பு ஓட்டையில விட்டேன் சார், கறுப்பைக் கறுப்புல விட்டேன். கலர்தானே சார் நம்ம தொழில், தப்பா?’ என்றான். நான் உன் கட்டிலில் உட்கார்ந்தேன்.

அந்தப் பெட்டிகளை உனக்கு மாட்டிக் கொடுத்தவன் நான். நீ அலமாரிக்குப் பின்னால் புகுந்து ஒயரை நீட்டினாய், சின்ன வயதில் மரப்பெட்டிக்குப் பின்னாலெல்லாம் புகுந்து ஒயர் எடுத்துத் தந்ததால்தானே உனக்குச் சுண்டெலி என்று பேர் வந்தது. அன்றைக்கு நீ, சிவப்புக்குச் சிவப்புதான் போகணும்ப்பா, ஒரு பெட்டியில மாறியிருக்கு, பாடுறவர் குரல் எங்கேயோ பக்கத்து வீட்டுலேருந்து வர்ற மாதிரி இருக்கு என்று சொன்னாய். நான், பல்புக்கு ரெண்டு ஒயரை எப்படிக் கொடுத்தாலும் எரியும், ஸ்பீக்கரும் அப்படித்தான், எனக்கே ஒயரிங் சொல்லித் தர்றியா என்று கேட்டேன். நீ அந்த ஒயரிலேயே பாட்டைப் போட்டுக் கேட்க ஆரம்பித்தாய்.

பெயிண்டரை அனுப்பிவிட்டு ஒரு பெட்டியில் மட்டும் ஒயரைப் பழையபடி மாற்றினேன். அடியில் ஓடிய டிரம் சத்தம் முழுதும் வற்றிப்போய், குரல் அறையில் இடமில்லாமல் சுவர் சுவராக அலைந்தது. அதுதான் எனக்குத் தெரிந்த இரைச்சல். சரியாகப் போட்டேன், அந்த ஆள் திரும்பி வந்து இரண்டு பெட்டிக்கும் நடுவில் நின்று பாடினான். மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேன், மூன்று தடவையும் அதேதான். ஒரு பெட்டி காற்றை முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுத்திருக்கிறது, இரண்டும் சேர்ந்து அவனைக் கொன்றிருக்கின்றன. இது வேறு எந்த வீட்டிலும் நடக்கவில்லை, என் வீட்டில், என் மகள் அறையில் நடந்திருக்கிறது. பின்னால் போய்ச் சொருகி மாற்ற உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மாற்றினால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்று விட்டுவைத்தாய் என்பது இப்போது புரிகிறது. அந்தப் பாட்டுகளைக் கெட்டுப்போன ஒயரிலேயே கேட்டு, அதற்குள் இருந்த மெலடியை எப்படியோ நீயாகவே பிடித்திருக்கிறாய். காது உனக்குத்தான்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் கேட்கிறேன். உறைக்குள் இருந்த சின்னப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். பின்லாந்துக்காரர்கள் என்று போட்டிருக்கிறது, அட்லஸில் மேலே பார்த்தேன், பாதி ஏரியாக இருக்கிறது. ஒன்பது பாட்டில் நான்கில் வாள் வருகிறது, இரண்டில் வாள் இல்லாமலே சண்டை வருகிறது, அதெல்லாம் எனக்குத் தேவையில்லை. ஏழாவது பாட்டுதான், பியானோவில் மெதுவாக ஆரம்பிக்குமே, ஒருவன் விளக்கை எடுத்துக்கொண்டு உறைந்த ஏரி மேல் நடந்து அக்கரைக்குப் போவானே, அது. காற்றில் அந்த விளக்கு எப்படி எரியும் என்று எனக்கு விளங்கவில்லை. கோடை வரை பொறுத்தால் படகில் போகலாமே, இந்த மடையனுக்கு ஏன் அவசரம் என்று அம்மாவிடம் சொன்னேன். ‘அவனுக்கும் வயசாயிருக்கும்’ என்று சொல்லிவிட்டு அவள் அடுக்களைக்குப் போய் அந்தப் பல்லவியையே முணுமுணுத்தாள். கீழ்வீட்டுத் தையற்காரம்மா படியேறி வந்து, ‘என்ன சார், இந்த வயசுல கிறுக்குப் பிடிச்சுடுச்சா’ என்று கேட்டாள். வால்யூமைக் குறைக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறாள். நான் குறைக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், நீ அப்போது வைத்த சத்தம் அதிகம்தான், கதவைச் சாத்தியதும் தப்புதான், அதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் ஃபியூஸைப் பிடுங்கினது கதவைச் சாத்தினதைவிடப் பெரிய தப்பு. ஒயர் மாறியது என் கையால். இதை எழுத எனக்கு நான்கு காகிதம் வீணாயிற்று.

உன் அறையில் ஒயர்ச் சுருள் எதுவும் வைக்கவில்லை. சுவர் வெள்ளையாகிவிட்டது, உன் புத்தகங்கள் இருந்தபடியே இருக்கின்றன. இரண்டு பெட்டியையும் ஒரே உயரத்தில் வைத்து, சரியாக நடுவில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன், டேப் வைத்து அளந்து போட்டது. பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டால் உட்காருகிறவனுக்குக் குரல் ஒரு பக்கமாகச் சாயும், பரவாயில்லை, எனக்கு அது போதும். அந்தப் பழைய ஃபியூஸ் கட்டை இன்னும் என் டூல் பெட்டியில்தான் இருக்கிறது. வந்து உன் கையாலேயே போர்டில் போடு, அதுவரை உன் அறைக்கு வேறொன்றில் ஓட்டுகிறேன்.

நீ நீண்ட ஆயுளோடும் நல்ல உடம்போடும் இருக்க வேண்டும், நினைத்தது எல்லாம் உனக்குக் கைகூட வேண்டும் என்று நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். அங்கேயும் ஸ்பீக்கர் வைத்திருப்பாய். இன்றைக்கே பின்னால் குனிந்து சிவப்புக்குச் சிவப்பு போயிருக்கிறதா என்று உன் கண்ணால் பார். மாட்டியவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், சரியாகத்தான் இருக்கும் என்று சும்மா இருந்துவிடாதே.

இப்படிக்கு,
காது உள்ள உன் அப்பா