குதிரைக்குக் குறை சொன்ன கோடை

மே 6

கோடைக் குதிரையேற்ற முகாமில் மகள் இன்று குதிரையிலிருந்து விழுந்தாள். அடி இல்லை, முழங்கையில் மண்தான். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். உள்ளே ஓடப் போனபோது பயிற்சிக்காரி திரும்பிக்கூடப் பார்க்காமல், "அக்கா, அங்கயே நில்லுங்க" என்றாள். நின்றேன். என்னை நில் என்று ஒருத்தர் சொல்லி நான் நின்று எத்தனை வருஷம் ஆகிறது?

வீட்டில் பல்லியைக் கண்டாலே என் முதுகுக்குப் பின்னால் ஒளிகிற எட்டு வயசு அது. எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு மறுபடியும் ஏறிவிட்டது. குதிரையின் பெயர் சுண்ணாம்பு. வெள்ளைப் பெண்குதிரை, இருபது வயசாம். இவள் விழுந்ததும் ஒரு காலைக்கூட அசைக்காமல் நின்றது.

மே 8

வீடெல்லாம் குதிரை வாசனை. அவர் தும்மித் தீர்க்கிறார். குளம்பில் சிக்கிய கல்லை எப்படி எடுப்பது என்று இவள் சாப்பிடும்போது கரண்டியை வைத்து விளக்குகிறாள். இவ்வளவு பேசுவாளா?

மே 11

காரில் வரும்போது சொன்னாள். இந்த முகாம் முடிந்ததும் சுண்ணாம்பை அனுப்பிவிடப் போகிறார்களாம், வயசாகிவிட்டதாம். "நீ வாங்கிடும்மா. நீதான் எல்லாப் பழசையும் வாங்குவியே."

உண்மைதான். வீடு காலி செய்கிறவர்களிடம் கட்டிலும் அலமாரியும் வாங்கி, தேய்த்து மெருகு போட்டு விற்றுத்தான் இந்த நிலைக்கு வந்தேன். கிடங்குக்குப் பின்னால் காலி இடம் கிடக்கிறது. பார்க்கலாம் என்றேன். நான் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

மே 13

விலை கேட்கப் போனேன். எந்தச் சாமானானாலும் விலை கேட்கும் முன் மூன்று குறை சொல்ல வேண்டும், அதுவும் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி. விற்கிறவர் குரல் தானாக இறங்கும். அதனால் பிள்ளைகளை விட வந்த பெற்றோர் கூடி நிற்கிற நேரமாகப் பார்த்துத்தான் போனேன். பின்னங்காலைத் தட்டி, இழுத்து இழுத்து நடக்கிறதே என்றேன். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தேன். கண்ணில் நீர் வடிகிறது என்றேன். "திடீர்னு மடங்கி உட்கார்ந்துடும் போலிருக்கே, இதை யாரு வாங்குவா?"

பயிற்சிக்காரியின் முகம் சுருங்கியது. முகம் சுருங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி. அவள் சொன்ன விலையைக் கேட்டுச் சிரித்துவிட்டுக் கிளம்பினேன். மூன்று நாள் ஊறட்டும்.

மகள் தண்ணீர்த் தொட்டியருகே நின்றிருந்தாள். கையசைத்தேன். அவள் அசைக்கவில்லை.

மே 14

சுண்ணாம்பை லாயத்தில் கட்டிவிட்டார்கள். நேற்று அங்கே நின்றிருந்த அப்பாக்களில் இரண்டு பேர், நொண்டிக் குதிரையிலா எங்கள் பிள்ளைகளை ஏற்றுகிறாய் என்று சண்டைக்குப் போயிருக்கிறார்கள். மாலைக்குள் எல்லோர் போனுக்கும் செய்தி போய்விட்டது. மகளுக்கு ஒரு பழுப்புக் குதிரையைக் கொடுத்திருக்கிறார்கள். ஏறமாட்டேன் என்று மண்ணில் உட்கார்ந்துவிட்டாளாம். நாள் முழுக்க.

என் வாய் இருக்கிறதே—

மே 15

காலையிலேயே போய் அந்த அப்பாக்களைப் பிடித்தேன். கால் நன்றாகத்தான் இருக்கிறது, விலை குறைக்கத்தான் சொன்னேன் என்றேன். ஒருவர் சிரித்தார். "முந்தாநாள் வாங்க வந்தீங்க, நொண்டின்னீங்க. இன்னிக்கு நல்ல கால்ங்கறீங்க. இன்னிக்கு என்ன, விக்கறீங்களா?" குறை சொன்னால் கேட்டதும் நம்புகிறார்கள். நல்லது சொன்னால் எனக்கு இதில் என்ன லாபம் என்று தேடுகிறார்கள். நானும் அப்படித்தானே.

பயிற்சிக்காரியிடம் போனேன். மருத்துவர் பார்த்துவிட்டாராம், வயசுக்கான விறைப்பு தவிர ஒன்றுமில்லையாம். ஆனாலும் இனி எந்தப் பிள்ளையையும் அதன்மேல் ஏற்ற முடியாது. அவள் கேட்ட விலையையே தருகிறேன் என்றேன். முடியாது என்று தலையாட்டிவிட்டாள். வயசான குதிரைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மாவுக்கு நேற்றே வாக்குக் கொடுத்துவிட்டாளாம்.

"நீங்க வாங்கி எங்கக்கா வைப்பீங்க? கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவுலயா?"

அவள் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

மே 17

இரண்டு நாளாக மகள் பேச்சில்லை. இன்று அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, வியாபாரத்தில் அப்படித்தான் பேசுவார்கள், மனசுக்குள் அம்மாவுக்கு அந்தக் குதிரை பிடித்திருந்தது என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அவ காதுபட சொன்னே."

குதிரைக்குப் புரியாதுடா என்றேன்.

"எனக்குப் புரிஞ்சுதே. என்னையும்தான் சொல்றே. வீட்டுக்கு யார் வந்தாலும், இது பயந்தாங்கொள்ளி, ஒண்ணுக்கும் உதவாதுன்னு. நான் பக்கத்துலதானே நிக்கறேன்?"

அது... அது வேற. பிள்ளையை யாராவது மெச்சினால் சட்டென்று நாலு குறை சொல்லி மூடிவிடுவது, எல்லாரும்தான் செய்கிறோம். பெருமையடிக்கக் கூடாது என்றுதான். மனசுக்குள்ளே எவ்வளவு— இதை எப்படிச் சொல்வேன் இவளிடம்? மனசுக்குள்ளே என்று ஏற்கெனவே ஒரு தடவை சொல்லிவிட்டேனே.

போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். நான் விளக்கை அணைத்தேன். பிறகு வெளியே வந்தேன்.

மே 18

லாரி வந்தது. சாய்வுப் பலகையில் சுண்ணாம்பு ஏற மறுத்தது. இரண்டு ஆள் பின்னாலிருந்து தள்ளினார்கள், ஒரு அங்குலம் நகரவில்லை. பயிற்சிக்காரி என் மகளைக் கூப்பிட்டுக் கயிற்றைக் கையில் கொடுத்தாள். இவள் காதருகே என்னவோ சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தாள். அது பின்னாலேயே ஏறிவிட்டது.

வண்டி போனதும் எல்லாப் பிள்ளைகளும் அழுதன. இவள் அழவில்லை. வெறும் கடிவாளத்தைக் கொண்டுபோய் அதன் ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள். என்னடா சொன்னே அதுகிட்ட என்று கேட்டேன். "உனக்கில்ல" என்றாள்.

மே 20

தண்ணீர் வேண்டுமா என்றால் வேண்டும் என்கிறாள். இதைப் பேச்சு என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவர், விடு, பள்ளிக்கூடம் திறந்தா மறந்துடுவா என்கிறார். மறக்கிற ஜாதியா அது? என் வயிற்றில் பிறந்தது.

மே 26

பயிற்சிக்காரியைக் கெஞ்சி, சுண்ணாம்பைக் கொண்டுபோன அந்த அம்மாவின் எண்ணை வாங்கியிருந்தேன். போன வாரமே இரண்டு தடவை பேசினேன், விற்கமாட்டேன் என்று இரண்டு தடவையும் போனை வைத்துவிட்டார். இன்று விலை பேசவில்லை. என் மகள் பார்க்க வரலாமா என்று மட்டும் கேட்டேன். "லாரியில ஏத்திவிட்ட பொண்ணா?" என்றார்.

முடிவானது இது. மாதத்தின் முதல் ஞாயிறு, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை. போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். சவாரி கிடையாது. தேய்த்துவிடலாம், கயிறு பிடித்து நடத்தலாம். ஒவ்வொரு தடவையும் ஒரு மூட்டைத் தீவனம் நாங்கள் கொண்டுபோக வேண்டும்.

மகளிடம் சொன்னேன். சரி என்றாள், ஒரு நிபந்தனை சேர்த்தாள்: நான் காரை விட்டு இறங்கக் கூடாது. எத்தனை மாதத்துக்கு என்று கேட்டேன். சொல்லமாட்டாளாம். ஒப்புக்கொண்டேன்.