தக்காளித் தோட்டத்துக் கடற்கரை

மே 6
எர்மெஸ் இன்றைக்கும் திரும்பத் திரும்பக் காப்பி குடிக்க வந்தார். ஊர்த் தண்ணீரை இறைக்கிற பம்ப் நிலையத்துக்காரருக்கு அவ்வளவு தூக்கக் கலக்கமா என்று என் கடையில் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கோப்பை கழுவும்போது பாடுகிறேன். கண்றாவி.

மே 9
எர்மெஸைப் பற்றி அண்ணனிடம் சொல்ல வாய் வரவில்லை. கஸ்தோனே அண்ணன் மேல்தெருவின் மானத்துக்கு மொத்தக் குத்தகைதாரர். ஆகஸ்ட் திருவிழாவில் மாதா சிலை வைத்த படகைத் தூக்குவது மேல்தெருவார் மட்டும்தான். ஏனென்றால் எங்கள் மேடு பழைய கடலோர மணல்திட்டாம், எங்கள் முன்னோர் மாலுமிகளாம். கடல் பஸ் பிடித்துப் போகிற தூரத்துக்கு ஓடிவிட்டது. பெருமை மட்டும் ஓடவில்லை. சதுப்பு வற்றிய பிறகு வந்த பள்ளத்தெருவார் பின்னால் மெழுகுவர்த்தி பிடிக்கலாம்.

எர்மெஸ் பள்ளத்தெரு. அவர் வாசல்படியே கடல் மட்டத்துக்குக் கீழே.

சித்தி மகள் பள்ளத்தில் வாழ்க்கைப்பட்டபோது அண்ணன் கல்யாணத்துக்கே போகவில்லை. என் கல்யாணத்துக்கும் வராவிட்டால்? இருப்பது ஒரே அண்ணன்.

மே 20
அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். எங்கள் ‘போ’ நதி கடலுக்குள் மண்ணைத் தள்ளித் தள்ளி இந்தச் சமவெளியை எப்படி உண்டாக்கியது என்று ஆராய்கிற பியமெத்தா, பல்கலைக்கழகத்திலிருந்து வந்து அடிமண்ணை எடுத்துப் பார்க்க ஊரில் துளை போடப்போகிறாள். முதல் துளை அண்ணன் வீட்டுக் கொல்லையில். அண்ணனே கெஞ்சி அழைத்திருக்கிறார்.

"மேல்தெரு எவ்வளவு பழசுன்னு எழுத்துல வாங்கிடறேன் பாரு."

மே 27
சிரித்து வயிறு வலிக்கிறது. குழாயை உருவினார்கள். மேலே கறுப்புச் சேறு. கீழேயும் சேறு. அதற்கும் கீழே — சைக்கிள் மணி.

அண்ணன் அதை எடுத்துச் சட்டையில் துடைத்தார். "மாலுமிங்க சைக்கிள் வச்சிருந்திருக்கலாம்."

பியமெத்தா பாவம், உதட்டைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: கால்வாய் வெட்டியபோது அள்ளிக் கொட்டிய சேறுதான் எங்கள் மேடு. நூறு வயசு இருந்தால் அதிகம்.

இத்தனை வருஷம் வெளியூர்க்காரர்களுக்குக் காப்பியோடு மாலுமிக் கதையும் ஊற்றிக் கொடுத்தவள் நான். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

மே 29
பழைய கரை கிடைத்துவிட்டது. எர்மெஸின் தக்காளித் தோட்டத்துக்கு அடியில்! சுத்தமான மணல், நிறையச் சிப்பி. கடல் அங்கேதான் நின்றிருக்கிறது. நதி மண் கொட்டக் கொட்டப் பின்வாங்கிப் போயிருக்கிறது. அப்புறம் சதுப்பு மூடி, தண்ணீரை இறைக்க இறைக்க நிலமே கீழே உட்கார்ந்துவிட்டது.

எர்மெஸ் ஒரு சிப்பியை என் கையில் வைத்தார். "துளை போட்டதுல தக்காளி பாழாப்போச்சு நொர்மா. ஆனா கடற்கரையில ஒரு வீடு இருக்கு. வர்றியா?"

நான் — சரி, அதை எழுத வேறு வேண்டுமா.

ஜூன் 10
அண்ணன் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. நானே போனேன். சொல்லிவிட்டேன். மேஜைமேல் அந்த மணி, துலக்கி வைத்திருக்கிறார். ஒரு தரம் அடித்தார். இன்னும் ஒலிக்கிறது, சனியன்.

"பள்ளத்துக்கா போறே?"

"கடற்கரைக்குப் போறேன், அண்ணே."

மணியை மேஜையில் இப்படியும் அப்படியும் நகர்த்தினார், என் உயிர் போய் வந்தது.

"அப்ப நம்ம குடும்பத்துல ஒருத்தராவது கரையில இருப்பாங்க."

அழுதேனா, சிரித்தேனா —

ஆகஸ்ட் 15
படகை இரண்டு தெருவாரும் தூக்கினார்கள். முன்னால் ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் எர்மெஸ். மாதா தன் பக்கம்தான் சாய்ந்தாள் என்று இருவருமே சாதிக்கிறார்கள். ஊர்வலம் தக்காளித் தோட்டத்தோடு நின்றது. அண்ணன் உத்தரவு: கரை அதுதானே.

அக்டோபர் 12
பள்ளத்து வீட்டில் எழுதுகிறேன். மழை. கடல் வருஷா வருஷம் ஏறிவருகிறது என்று பியமெத்தா எங்கள் கல்யாண விருந்திலேயே சொன்னாள், வாய் நிறையக் கேக்கோடு. எர்மெஸ் பம்பைப் பார்க்கப் போயிருக்கிறார். அது ஓடும் சத்தம் கேட்கிறவரை எனக்குக் கவலையில்லை.

இப்போது இன்னொரு சத்தமும். வாசலில் அண்ணன், நனைந்துபோய், சைக்கிளில். அந்த மணியை அதில் மாட்டியிருக்கிறார். கதவைத் திறக்கிறவரை நிறுத்தமாட்டார் போல.

கடற்கரையைப் பார்க்க வந்தாராம்.