மிட்டாய் இன்னும் சாப்பிடவில்லை

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் உன் அண்ணன் குடும்பமும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எப்போதும் என் நினைப்பு. முதலில் சந்தோஷ சமாச்சாரம். அண்ணனின் பெரிய பையன் கிரேன் ஓட்டும் பரீட்சையில் முதல் தடவையே தேறிவிட்டான், துறைமுகத்தில் வேலைக்கும் கூப்பிட்டுவிட்டார்கள். அவன் தங்கை நீச்சலில் இரண்டாவது, முதலாவதாக வந்தவள் இவளைவிட ஒரு தலை உயரமாம், அதனால் என் கணக்கில் இவள்தான் முதல். கடைக்குட்டிப் பயல் படியில் விழாமல் இறங்கப் பழகிவிட்டான், அதையும் சேர்த்துத்தான் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் மேலே நம் குட்டி, அந்த ஊர்ப் பாஷையில் வகுப்பு முன்னால் நின்று தன் பல்லி மிட்டாயைப் பற்றிப் பேசிக் கைதட்டு வாங்கியதை இந்தத் தெருவில் கேட்காத ஆள் கிடையாது. அஞ்சாவதோடு நின்றுபோன எனக்கு இப்படி ஒரு பேத்தி. ஆனால் பேச்சின் முடிவில், என் பல்லியை என் பாட்டி பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று சொன்னாளாமே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

மிட்டாய்க்கு உடம்பு சரியில்லையடி. விமானத்தில் ஏற்ற விடமாட்டோம் என்று சொன்னதால் குட்டி அழுதுகொண்டே அந்தக் கண்ணாடிப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். வாரத்துக்கு இரண்டு தடவை சிள்வண்டை உள்ளே விட்டால் போதும், அதுவே துரத்திப் பிடிக்கும் என்றுதான் சொல்லியிருந்தாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒரு வாய்க்காக ஓடி ஓடிப் பிடிக்கிறதே என்று, பறவைக் கடையில் கொழுத்த வெள்ளைப் புழுவாகப் பார்த்து வாங்கி, இடுக்கியில் எடுத்துக் காலையும் மாலையும் ஊட்டினேன். என் செருப்புச் சத்தம் கேட்டாலே கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். வெளக்குமாத்தால பல்லி அடிச்ச கை இப்போ ஊட்டி வளர்க்குது என்று உன் அப்பா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அது அசையாமல் படுத்துக் கிடக்க ஆரம்பித்தது, கைக்கடியில் இரண்டு பக்கமும் உப்பியது, நான் வளர்கிறது என்றே நினைத்தேன். கடைசியில் அண்ணன்தான் கால்நடை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனான், நானும் போனேன். உள்ளங்கையில் வைத்து வயிற்றில் டார்ச் அடித்துப் பார்த்தவள், பல்லி வளர்த்தீங்களா, மாப்பிள்ளைக்கு விருந்து வெச்சீங்களா என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அப்புறம் சிரிக்காமல் சொன்னாள், “கல்லீரல்ல கொழுப்பு ஏறிடுச்சும்மா. இனிமே கையால ஊட்டவே கூடாது. சிள்வண்டை விடுங்க, பசிச்சா பிடிக்கும்.” பிடிக்காவிட்டால் என்று கேட்டேன். கை கழுவிக்கொண்டே, “அப்போ கஷ்டம்தான்” என்றாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அது ஒன்றையும் பிடிக்கவில்லை. சிள்வண்டு அதன் தலைமேலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறது, இது அதைப் பார்க்காமல் என்னைப் பார்க்கிறது. சத்தம் போடத் தெரிந்த ஜீவனாக இருந்தாலாவது அதட்டிவிட்டு அந்தப் பக்கம் போகலாம், இது வாயை மட்டும் திறந்து மூடுகிறது. செருப்புச் சத்தத்துக்கு வந்துவிடுகிறதே என்று வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கிறேன், அப்படியும் எப்படியோ தெரிந்துகொண்டு வருகிறது. இடுக்கியை அண்ணன் அலமாரி மேலே ஒளித்து வைத்தான். நான் ஸ்டூலில் ஏறி எடுத்தும் விட்டேன், திரும்ப வைத்தும் விட்டேன். உன் அண்ணி பார்த்துவிட்டு ஸ்டூலை எடுத்துக்கொண்டு போனாள். வால் மெலிந்து வருகிறது. மெலியத்தான் வேண்டும், ஆனால் மெதுவாக மெலிய வேண்டும் என்கிறாள் டாக்டரம்மா. எது நல்ல மெலிவு எது கெட்ட மெலிவு என்று எனக்கு எப்படியடி தெரியும்? பசித்தவர்களுக்குப் போடத் தெரியும், போடாமல் உட்கார்ந்து பார்க்க யார் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? கேலி பேசிய உன் அப்பாவே இப்போது பெட்டி முன்னால் நாற்காலி போட்டுக்கொண்டு, இன்னிக்கு ஒண்ணு பிடிச்சிடும் பாரு என்று தினமும் சொல்கிறார்.

போன சனிக்கிழமை போனில் குட்டி, சாப்பிட்டுச்சா பாட்டி என்று கேட்டாள். பசியோடு இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். அப்போ நல்லா வேட்டையாடும் என்று சந்தோஷப்பட்டாள். அவளிடம் இதைச் சொல்லலாமா, சொன்னால் எப்படிச் சொல்வது, நீ அவளைப் பெற்றவள், நீயே முடிவு செய். நீ போனை வைக்கும்போது உன் குரல் ஒரு மாதிரி கம்மியிருந்தது. இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்க்கிறாயாமே, மாப்பிள்ளை வாய் தவறிச் சொல்லிவிட்டார், அவரைத் திட்டாதே. சாப்பிட்டாயா என்று கேட்டால் ஆச்சும்மா என்கிறாய், எப்போது கேட்டாலும் அதே ஆச்சும்மா. காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குக் கிளம்பாதே. குட்டிக்குக் காதை மூடுகிற தொப்பி போட்டு அனுப்பு.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் புதிதாக ஒரு படம் பிடித்துத் தபாலில் அனுப்பு, போனில் வேண்டாம், அது அண்ணன் கையோடு வேலைக்குப் போய்விடுகிறது. முகம் மட்டும் எடுக்காமல், மூன்று பேரும் குளிருக்குப் போடும் கோட்டைக் கழற்றிவிட்டு முழுசாக நிற்கிற மாதிரி எடுக்கச் சொல். இளைத்திருக்கிறாயா என்று பார்க்க வேண்டும். பார்த்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்காதே, அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா