மேலே தூவிய கறுப்பு மண்

அன்பு மகளுக்கு,

நான் சுகம் கண்ணு, இந்த முறை பேச்சுக்காகச் சொல்லவில்லை. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாமாவின் மரத்தோட்டத்து மண்ணில் மேலே ஒரு சாண் மட்டுமே வளம், கீழே வெறும் சக்கை என்று பரிசோதனை முடிவு வந்துவிட்டது. மண் எடுத்துப்போன பெண்ணே இன்று காலை வாசலில் நின்று சொன்னாள். அந்த ஒரு சாண் நம் பக்கத்து மண்ணோடு ஒத்துப்போகிறதாம், அதைப் பற்றி என்னை விசாரிக்கக் கம்பெனி அதிகாரி வருவாராம்.

உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் என் தம்பி நம் மேட்டுப் புல்வெளியையும் சேர்த்து உழுது மரக்கன்று நட்டான். மண்ணில் கார்பன் சேர்த்துக் காட்டினால் பணம் தருகிற கம்பெனியோடு ஒப்பந்தம். வீடு திரும்பி நான் கேட்டதற்கு, “வெறும் புல்லுதானேக்கா, அதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?” என்றான். அப்பாவின் சாவுக்கு வந்தவர்கள் முன்னாலும் அதையே சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்கப்போவதில்லை. அந்தப் புல்லின் வேர் ஓர் ஆள் ஆழம் இறங்கும். காலங்காலமாகச் செத்து மட்கிச் சேர்ந்ததுதான் அந்தக் கறுப்பு, அதுதான் அவர்கள் தேடும் கார்பன். உழுது புரட்டியதும் அது காற்றோடு போயிற்று, மழை பொய்த்ததும் கன்றுகளும் குச்சியாகிவிட்டன.

போன மாதம் மண் அளக்க வருகிறார்கள் என்றதும் தேனொழுகப் பேசிக்கொண்டு வந்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நம் மாடுகள் மேய்கிற நிலத்திலிருந்து மேல்மண் வேண்டுமாம், செடிக்குப் போடவாம். மேலே தூவிக் காட்டத்தான் என்று எனக்குத் தெரியாதா? எடுத்துக்கோ என்றேன், டிராக்டரையும் கொடுத்தேன், டீயும் போட்டுக் கொடுத்தேன். மண் எடுக்கிற குழாய் ஒரு மீட்டர் இறங்கும், ஒப்பிட்டுப் பார்க்க முன்பு நம் பக்கத்தில் இறக்கியபோது பார்த்திருக்கிறேன். அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அள்ளிய இடம் சொட்டையாகக் கிடக்கிறது, அது என் செலவு.

இன்று மதியம் மறுபடி வந்தான். மழை அடித்துக்கொண்டு வந்த மண் என்று நான் சொல்ல வேண்டுமாம். “ஒரு வார்த்தைக்கா. நான் உன் கூடப்பொறந்தவன்.” நீ மரம் வச்ச இடம்தானே தம்பி மேடு, மழைத்தண்ணி எப்போதிலிருந்து மேலே ஏறுது என்று கேட்டேன். அவனோடு வந்த உன் அத்தை வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். ஒப்பந்தம் முறிந்தால் நம் மேடு நம் கைக்கு வரும், கன்று நட அடகு வைத்த அவர்கள் வீடு போகும். இரக்கம் வரவில்லை, அதை உனக்கு எழுதக் கூச்சமும் இல்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. பல்வலியைத் தள்ளிப்போடாதே. இருவரும் நிறைவாக, யாருக்கும் தலைகுனியாமல் வாழ என் ஆசிகள். அதிகாரி வியாழக்கிழமை காலை வருகிறார். அதுவரை மாமா கூப்பிட்டால் போனை எடுக்காதே. உனக்கு இளகிய மனசு, நீ சொன்னால் நான் கேட்டுவிடுவேன்.

உன்
அம்மா